கண்டிக்கு வந்த டேவியும் நெஞ்சறைக் காற்றும்

கண்டி இராச்சியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜோன் டேவியைத் தொடாமல் போவதில்லை. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன மறு ஆண்டு இலங்கைக்கு வந்த படை மருத்துவர் அவர். ஆளுநர் பிரவுன்றிக்கின் பயணங்களில் கூடவே மலைநாட்டைச் சுற்றினார். 1821இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் விகாரை, வயல், சாதி, சட்டம் எல்லாம் உண்டு.

நான் தேடிக்கொண்டிருந்தது இன்னொரு டேவியை. நெஞ்சறைக்குள் காற்றுப் புகுவதைப் பற்றிய பழைய ஆராய்ச்சிகளைத் துழாவியபோது, ரோயல் சொசைட்டி இதழின் 1823ஆம் ஆண்டுத் தொகுதியில் ஒரு கட்டுரை அகப்பட்டது. எழுதியவர் ஜோன் டேவி. இருவரும் ஒருவரா? டேவி என்ற பெயர் இங்கிலாந்தில் அப்படியொன்றும் அபூர்வமில்லை.

கண்டி நூலையே மறுபடி எடுத்தேன். அரசியல் வரலாறு தேடுகிறவர்கள் தாண்டிப் போகிற பாம்புப் பகுதியில்தான் முதல் தடயம் கிடைத்தது. நாகத்தையும் விரியனையும் கோழிகளைக் கடிக்க விட்டு, செத்த கோழிகளை அறுத்து, நுரையீரலும் இதயமும் எப்படி இருந்தன, இரத்தம் உறைந்திருந்ததா என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். கொடுமைதான். ஆனால் நெஞ்சைத் திறந்து பார்க்காமல் விடாத கை அது.

1823இல் அந்தக் கை ஒரு நோயாளியின் சடலத்துக்கு வந்தது. மனித நெஞ்சறைக்கு 12 சோடி விலா எலும்புகள் சுவர், பிரிமென்றகடு தரை. நடுவே இதயம், இரு புறமும் நுரையீரல்கள். நுரையீரலைப் போர்த்தியுள்ள புளூரா என்ற இரட்டைச் சவ்வின் இடைவெளியில் இருப்பது சில மில்லிலீற்றர் திரவம் மட்டுமே. அங்கே அமுக்கம் வெளிக்காற்றைவிடக் குறைவு. நுரையீரல் விரிந்து நிற்பது அதனால்தான். ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் அது சுருங்கிவிடும். டேவி அந்தக் காற்றைப் பிடித்துச் சோதித்தார்: பெரும்பகுதி நைதரசன், கொஞ்சம் காபனீரொட்சைட்டு. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பிக்குத் தோன்றக்கூடிய சோதனைதான்! பிறகு பலவகை வாயுக்களை விலங்குகளின் புளூராவுக்குள் செலுத்தி, உடல் அவற்றை எப்படி உறிஞ்சுகிறது என்றும் பார்த்தார்.

ஐயத்தைத் தீர்த்தது 1839இல் இரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு. இலங்கைப் பாம்பு நஞ்சு, வெப்ப நாட்டு மனிதரின் உடல் வெப்பம், புளூராவில் கண்ட காற்று மூன்றும் ஒரே ஆசிரியரின் பெயரில் அதில் இருக்கின்றன. கண்டி டேவிதான் நெஞ்சறை டேவி.

இன்று சிலவகை நெஞ்சறைக் காற்றுக்கு ஒட்சிசனைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். இரத்தத்தில் நைதரசன் குறையும்போது, புளூராவில் தங்கிய நைதரசன் விரைவாக உறிஞ்சப்படும் என்பது அதன் கணக்கு. டேவி அளந்த வாயுதான் இந்தக் கணக்கின் மையம்.

பேராதனையில் மருத்துவ பீடம் 1962 முதல் இருக்கிறது. வரலாற்றுத் துறையும் அதே வளாகத்தில்தான். டேவியை ஆராயப் போகிற மாணவர்கள் 1821ஆம் ஆண்டு நூலோடு நின்றுவிடாமல், 1839ஆம் ஆண்டுத் தொகுப்பையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.