எனம்

எண்ணிச் சொல்லுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது ‘எனுமரேஷன்’. சி நிரல்மொழி அதை ‘எனம்’ என்று சுருக்கிக்கொண்டது. திங்கள், செவ்வாய் என ஒரு நேரத்தில் ஒன்றே பொருந்தும் பட்டியலுக்குப் பெயர் சரிதான். ஆனால் நிரலாளர்கள் பெயர்களுக்கு 1, 2, 4 என்று மதிப்பு கொடுத்து ஒவ்வொரு பிட்டையும் தனிக் கொடியாக்கிவிட்டார்கள். படிக்க 1, எழுத 2 என்றால் 3 என்பது இரண்டும் சேர்ந்தது. பட்டியலில் அதற்குப் பெயரே கிடையாது.

ஜிடிபி என்னும் பிழைதிருத்தி இதற்குக் கைவிரிப்பதில்லை. மதிப்புகள் தனித்தனி பிட்டுகள் என்று கண்டால் (படி | எழுது) என்று பிரித்துக் காட்டும். பெயரில்லாத பிட் எஞ்சினால், ‘அன்னோன்’ (அறியப்படாதது) என்ற குறிப்போடு அந்த எண்ணையும் தரும். பிழை வேட்டையில் பல நேரம் உதவுவது இந்தக் கடைசித் துண்டுதான்.