பறவை நோக்கர்களின் தகவல் பகிர்வு நெறிகள்

பறவை நோக்கர்களின் தகவல் பகிர்வு நெறிகள் என்பன, பறவை நோக்கர் ஒருவர் தாம் கண்ட பறவையைப் பற்றிய செய்தியைப் பிறருக்கு எப்போது, எவ்வாறு, எந்த அளவுக்கு அறிவிக்கலாம் என்பதை வரையறுக்கும் வழக்கங்கள் ஆகும். இவற்றுட் பெரும்பாலானவை சட்டங்கள் அல்ல. பறவை நோக்கர்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்டவை. பறவையின் நலன், பதிவின் உண்மைத்தன்மை, உள்ளூர் மக்களின் அமைதி ஆகிய மூன்றும் இவற்றின் அடிப்படைகளாகும். இக்கட்டுரை பிரித்தானியாவில் வளர்ந்த வழக்கங்களை முதன்மையாகக் கொண்டது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் அரிய பறவை ஒன்றைக் கண்டதற்குச் சான்றாக அதன் உடலே கேட்கப்பட்டது. எனவே பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பாடம் செய்யப்பட்டன. இருகண் நோக்கியின் பயன்பாடு பரவிய பின்னர், கண்டவரின் சொல்லே சான்றாக ஏற்கப்படலாயிற்று. இதனால் கண்டவரின் நேர்மையும் கவனமும் முதன்மை பெற்றன.

1970களில் நார்போக் மாவட்டத்தின் கிளை என்னும் சிற்றூரில் இருந்த நான்சி சிற்றுண்டிச்சாலையின் தொலைபேசி, அரிய பறவைச் செய்திகளின் நடுவமாக விளங்கியது. மணி அடித்தால் அருகில் இருப்பவர் எடுத்து, அன்றைய செய்திகளைக் கூறுவது வழக்கம். இக்கடை 1988இல் மூடப்பட்டது. பின்னர் தொலைபேசிச் சேவைகளும், 1990களில் பேஜர் கருவிகளும், அதன்பின் இணையமும் அவ்விடத்தைப் பெற்றன.

பதிவின் நம்பகத்தன்மை

1892 முதல் 1930 வரை இங்கிலாந்தின் ஏசுட்டிங்சு பகுதியில் கிடைத்தனவாகக் கூறப்பட்ட ஏராளமான அரிய பறவைகளின் பதிவுகளை, 1962 ஆகஸ்ட் மாதத்தில் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழ் கேள்விக்குட்படுத்தியது. புள்ளியியல் ஆய்வும் ஐயத்தை உறுதி செய்ததால், பல இனங்களும் துணையினங்களும் பிரித்தானியப் பறவைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அரிய பறவைப் பதிவுகளை ஆராய்வதற்கான குழு 1959இலேயே அமைக்கப்பட்டிருந்தது.

நல்ல பதிவொன்றில் பின்வருவன இடம்பெற வேண்டும் எனக் கருதப்படுகிறது:

* நாள், நேரம், இடம், பறவைகளின் எண்ணிக்கை
* தொலைவு, வெளிச்சம், பயன்படுத்திய கருவி
* உண்மையில் கண்ட அடையாளங்கள் (நூலில் படித்தவை அல்ல)
* ஒத்த தோற்றமுடைய பிற இனங்களை விலக்கியதற்கான காரணம்

ஐயம் இருப்பின் அதனை வெளிப்படையாகக் கூறுவதும், தவறு தெரிந்தவுடன் திருத்தம் அறிவிப்பதும், முதலில் கண்டவரைக் குறிப்பிடுவதும் நன்னடத்தையாகும். பறவை இடம்விட்டுப் பறந்துவிட்டால் அதனையும் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் பலர் வீணாக நெடுந்தூரம் பயணிக்க நேரிடும்.

இடத்தை வெளியிடாமை

கூட்டின் இருப்பிடத்தைப் பொதுவில் அறிவிக்கக்கூடாது என்பது இந்நெறிகளுள் மிகவும் கண்டிப்பானது. இசுக்கொட்லாந்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இனப்பெருக்கம் செய்வது நின்றுபோன விராலடிப்பான், 1954இல் கார்ட்டன் ஏரிப் பகுதிக்குத் திரும்பியது. 1958இல் காவல் இருந்தும், முட்டை சேகரிப்பவர் ஒருவர் இரவில் மரமேறி முட்டைகளை எடுத்தார். ஏமாற்றுவதற்காக, நிறம் பூசிய கோழி முட்டைகளைக் கூட்டில் வைத்துச் சென்றார்.

அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் முந்தைய நெறிக்கோவையும், அரிய பறவையைப் பற்றி அறிவிக்குமுன் அதனால் விளையக்கூடிய இடையூற்றை எண்ணிப் பார்க்குமாறு கூறியது. 2002இல் தொடங்கப்பட்ட ஈபேர்ட் தரவுத்தளம், பிடிக்கப்படும் அல்லது வேட்டையாடப்படும் ஆபத்துள்ள இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கிறது.

அயலாரின் நலன்

1989 பெப்ரவரியில் கென்ட் மாவட்டத்தின் மெய்ட்ஸ்டோன் அருகே, குடியிருப்பும் பல்பொருள் அங்காடியும் உள்ள பகுதியில் வட அமெரிக்கப் பறவையான பொற்சிறகுக் கதிர்க்குருவி காணப்பட்டது. செய்தி அறிந்து ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டனர். ஆகவே தனியார் நிலத்தில் காணப்படும் பறவையைப் பற்றி அறிவிக்குமுன் உரிமையாளரின் ஒப்புதலைப் பெறுவதும், வண்டி நிறுத்துமிடம், பொதுவழி ஆகியவற்றைச் செய்தியிலேயே குறிப்பிடுவதும் வழக்கமாயின.

சட்டம்

பெரிய பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டின் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவைகளைக் கூடு கட்டும் காலத்தில் வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ தொந்தரவு செய்வது குற்றமாகும்.

கருத்து வேறுபாடுகள்

செய்தியை முற்றிலும் மறைப்பது தன்னலம் என்று சிலர் குறை கூறுவர். ஓரிடத்தில் அரிய பறவை வாழ்வதை எவரும் அறியாவிடின், அங்கு மரம் வெட்டுவதையோ கட்டடம் எழுப்புவதையோ எதிர்க்கச் சான்று இராது என்பது அவர்களின் வாதம். அதனால் பொதுமக்களுக்கு உடனே அறிவிக்காவிடினும், பாதுகாப்பு அமைப்புக்கோ உள்ளூர்ப் பதிவாளருக்கோ தெரிவித்து, பறவை சென்றபின் வெளியிடுவது நடுவழியாகக் கொள்ளப்படுகிறது.

மறைப்பது மட்டுமே பாதுகாப்பு அன்று என்பதற்குக் கார்ட்டன் ஏரியே எடுத்துக்காட்டு. முட்டைகள் களவு போனதற்கு அடுத்த ஆண்டான 1959இல், அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் கூட்டின் இடத்தைப் பொதுமக்களுக்கு வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து பார்ப்பதற்கு இடம் அமைக்கப்பட்டு, இரவும் பகலும் காவல் போடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்த அவ்வாண்டில் 3 குஞ்சுகள் வளர்ந்து பறந்தன.

இவற்றையும் பார்க்க

* பறவை நோக்கல்
* விராலடிப்பான்
* பறவைகள் வலசை போதல்