மந்தகதியும் செவிவழிக் கல்வியும்

வாத்தியக் கல்வியில் ஆசிரியன் செய்யும் முதற் பணி, காலத்தைக் குறைத்துக் காட்டுவதாகும். நமது கருநாடக இசை மரபிற் சரளி வரிசையும் அலங்காரமும் முதற் காலத்தில் அமைதியாகப் பயிலப்பட்ட பின்னரே இரண்டாம், மூன்றாம் காலங்களுக்கு மாணவன் செல்கின்றான். இங்கே வேகம் குறைகின்றது; சுருதி குறைவதில்லை. ஆசிரியனின் இடத்தில் ஒலிப்பதிவு வந்து அமர்ந்தபோது இம்மந்தகதிக்கு யாது நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1877 இல் தோமஸ் எடிசன் போனோகிராப் என்னும் கருவியை அமைத்தபோது இசை பயில்வோரை மனத்திற் கொண்டிருந்தாரல்லர். ஆயினும், உருளையை மெல்லச் சுழற்றினால் ஒலியும் மெல்ல வரும் என்பது அக்கருவியின் இயல்பிலேயே அடங்கியிருந்தது. இவ்வியல்பை ஆய்வுக்குப் பயன்படுத்தியோருள் பேர்சி கிறேஞ்சர் குறிப்பிடத்தக்கவர். அவர் 1906 இல் இங்கிலாந்தின் லிங்கன்சயர்ப் பகுதியில் நாட்டுப்புறப் பாடகர்களின் குரல்களை மெழுகுருளைகளிற் பதிந்து, பின்னர் அவற்றை மந்தகதியில் இயக்கிக் கேட்டுச் சுரப்படுத்தினார். காதால் மட்டும் கேட்டு எழுதியோர் தவறவிட்ட நுண்ணசைவுகளும் தாள வேறுபாடுகளும் அவரது ஏடுகளில் இடம்பெற்றன. 1908 இல் அவர் இம்முயற்சியைப் பற்றிக் கட்டுரை வரைந்தபோது நாட்டார் பாடற் சங்கத்தார் சிலர் ஐயுற்றமை வியப்பன்று. தாம் அறிந்த பாட்டும் கருவி காட்டிய பாட்டும் ஒன்றாயிருக்கவில்லை.

ஆய்வாளனுக்குப் பயன்பட்ட இம்முறை மாணவனுக்கும் பயன்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே, டவன்போர்ட் நகரில் 1903 இல் பிறந்தவர் பிக்ஸ் பைடர்பெக். 1917 இல் முதல் ஜாஸ் இசைத்தட்டுக்களை வெளியிட்ட குழுவினரின் தட்டுக்களை வீட்டுக் கிராமபோனில் வேகங்குறைத்துச் சுழலவிட்டு, அவற்றோடு சேர்ந்து வாசித்தே அவர் கோர்னெற் என்னும் ஊதுகருவியைக் கற்றார் என அவரது வரலாற்றாசிரியர் கூறுவர். தட்டு ஒலியைத் தந்ததேயன்றி விரல்களைக் காட்டவில்லை. எனவே அவரது விரலமைப்பு ஏனையோரது முறையினின்றும் வேறுபட்டதாயிற்று. அவரது தனித்த நாதத்தை உலகம் போற்றியது. எனினும் ஏட்டைப் பார்த்து வாசிப்பதில் அவர் இறுதிவரை இடர்ப்பட்டார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1931 இல் இருபத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார்.

இம்முறையின் பெருங்குறை சுருதி பற்றியதாகும். சுழற்சி பாதியானால் அதிர்வெண்ணும் பாதியாகும். சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்களுடைய நெடுநேர இசைத்தட்டு 1948 இல் வெளிவந்தது. பின்வந்த இயந்திரங்கள் பலவற்றில் 16⅔ சுற்று வேகமும் இருந்தமையால், அத்தட்டைச் சரிபாதி வேகத்திற் கேட்க முடிந்தது. சுரங்கள் இறங்கினும் பெயர் மாறவில்லை. ஆனால் 45 சுற்றுத் தட்டை 33⅓ இல் இயக்கினாலோ சட்சம் ஏறத்தாழக் கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கிவிடும். தந்திவாத்தியக்காரன் கம்பியைத் தளர்த்தி ஒருவாறு இசைந்துகொள்ளலாம், ஊதுபவனுக்கு அவ்வசதியில்லை. செக்கனுக்கு 7½ அங்குல வேகத்திற் பதிந்து 3¾ இல் இயக்கத்தக்க நாடாப் பதிகருவிகளும் பாதிவேகத்தை எளிதாக்கினவேயன்றிச் சுருதிப் பிணைப்பை அறுக்கவில்லை. 1966 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளனகனும் கோல்டனும் வெளியிட்ட ஒலிப்பகுப்பு முறை, காலத்தையும் சுருதியையும் தனித்தனியே கையாள வழிவகுத்தது. அதன் வழிவந்த முறைகள் இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் எவருக்கும் கிட்டுகின்றன.

அவ்வாறாயின், முதற் காலம் காட்டும் ஆசிரியனின் நிலையை இயந்திரம் எய்திவிட்டதா? இல்லையென்றே கூறல் வேண்டும். ஆசிரியன் மெல்ல வாசிக்கும்போது அக்காலத்துக்கேற்பக் கமகத்தையும் மாற்றியமைக்கின்றான். விரைவிற் சுருங்கும் அசைவு மந்தகதியில் விரிந்து நிற்கும். அவன் காட்டுவது மாணவன் விளங்கிக்கொள்ள வேண்டிய உருவம். இயந்திரம் காட்டுவதோ விரைவில் உண்மையாக நிகழ்ந்தது. அங்கே சுருக்கப்பட்ட அசைவு சுருக்கப்பட்டதாகவே நீள்கின்றது. அதனை முதற் காலத்துக்குரிய வாசிப்பெனக் கொண்டு பயில்பவன் உயிரற்ற நிழலையே கற்பான். மறுபுறம், வித்துவான் ஒருவர் தாமே உணராது செய்த நுட்பத்தை அவரது வாய்மொழியால் அறிதல் அரிது. அதனைக் காட்டவல்லது இயந்திரமே.

ஆகவே இவ்விரு மந்தகதிகளும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. கிறேஞ்சரின் உருளை, செவி தவறவிட்டதைக் காட்டிற்று. பைடர்பெக்கின் தட்டு, விரலுக்கு வழிகாட்டாது விட்டது. கருவி மலிந்துள்ள இந்நாளில் ஆசிரியன் வேண்டுவதில்லை என எண்ணுவோரும், கருவியாற் கற்றல் கல்வியன்று என ஒதுக்குவோரும் இவ்வரலாற்றின் ஒரு பாதியையே கண்டவராவர்.