ஃபைட்டர் மீன் குஞ்சுகள் ஒரே வாரத்தில் காணாமல் போவது ஏன்? முதல் மாதம் என்ன கொடுக்கணும்?

சென்னை கொளத்தூரில் ஒரு ஜோடி ஃபைட்டர் மீன் வாங்கி வந்து, வீட்டிலேயே முட்டையிட வைப்பது பெரிய கஷ்டமில்லை. ஆண் மீன் நுரைக்கூடு கட்டும், பெண் முட்டை போடும், ஒன்றிரண்டு நாளில் குஞ்சுகள் பொரிந்து கூட்டில் தொங்கும். ஆனால் அடுத்த வாரம் தொட்டியைப் பார்த்தால் நாலைந்து கூட மிஞ்சாது. 'நமக்கு ராசியில்லை' என்று விட்டுவிடுகிறார்கள் பலர். பெரும்பாலும் காரணம் பசிதான்.

முதல் 3 நாள் எதுவும் போட வேண்டாம்

பொரிந்த குஞ்சுக்கு வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கரு இருக்கும். இரண்டு மூன்று நாள் அதுதான் சாப்பாடு. முட்டை போட்டு முடித்ததுமே பெண் மீனை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் அதைக் கடித்துக் குதறிவிடும். கீழே விழும் குஞ்சுகளை வாயில் கவ்வி மறுபடி கூட்டில் வைப்பது அப்பாவின் வேலை. குஞ்சுகள் படுக்கை வாட்டில் தாமாக நீந்த ஆரம்பித்ததும் அந்த வேலை முடிந்தது. அன்றே அதையும் மாற்றணும். பிள்ளைகளையே தின்றுவிடும் அப்பாக்களும் உண்டு!

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்

நீந்தத் தொடங்கிய குஞ்சின் வாய், ஊசி முனை அளவுக்குக் கூட இருக்காது. கடையில் விற்கும் தீவனத்தைப் பொடித்துப் போட்டாலும் பெரும்பாலும் சீண்டாது. அசையாத பொருளை அது உணவாகவே பார்ப்பதில்லை. போட்ட பொடி அடியில் தங்கி அழுகி, தண்ணீர் கெட்டு, பசியில் தப்பியதும் சாகும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினாலும் இதே கதைதான்.

தேவை, உயிருள்ள நுண்ணுயிர் உணவு. மீன்காரர்கள் 'இன்ஃபுசோரியா' என்பார்கள். பழைய மீன் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, முட்டைக்கோஸ் இலையோ கொஞ்சம் வாழைப்பழத் தோலோ போட்டு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். முதலில் பால் மாதிரி கலங்கி நாற்றம் அடிக்கும். நாலைந்து நாளில் மெல்லத் தெளியும். தெளிந்த பிறகே கொடுக்கணும். அதனால்தான், ஜோடி சேர்ப்பதற்கு முன்பே இந்தப் பாட்டில் தயாராக இருக்க வேண்டும். குஞ்சு பொரிந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

நாலைந்து நாள் கழித்து, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 25 கிராம் கல் உப்பு போட்டு, ஏர் பம்ப் ஓடவிட்டால், 28 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். முட்டை ஓடு கலக்காமல் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதா என்று தெரியணுமா? வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு தெரியும். மைக்ரோவார்ம் புழுவும் கொடுக்கலாம். கொஞ்சம் வளர்ந்ததும் மொய்னா. காலையும் மாலையும், கொஞ்சம் கொஞ்சமாக.

மூன்றாவது வாரம் கவனம்

ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். அதற்கான லேபிரிந்த் உறுப்பு குஞ்சுகளுக்கு மூன்று, நான்கு வாரத்தில்தான் உருவாகிறது. அந்த நாட்களில் தொட்டியை மூடி வைத்து, தண்ணீருக்கு மேலே உள்ள காற்றும் வெதுவெதுப்பாக இருக்கும்படி பார்க்க வேண்டும். தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஆடை படர்ந்தால் டிஷ்யூ பேப்பரால் எடுத்துவிடலாம்.

தண்ணீர் மாற்றும்போது மக் எடுத்து மொண்டு ஊற்றாதீர்கள். மெல்லிய ஏர் டியூப் வழியாக அடியிலுள்ள கழிவை உறிஞ்சி, அதே சூட்டுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடணும்.

இரண்டு, மூன்று மாதத்தில் ஆண்கள் சண்டைக்கு நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி பாட்டில் வேண்டும். 50 ஆண் தேறினால் 50 பாட்டில், அத்தனைக்கும் தண்ணீர் மாற்றணும். வீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதை ஜோடி சேர்ப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.