வளைபாதம்: 1914-ல் பிறந்த இரண்டு டாக்டர்கள்

மதுரைப் பக்கம் பாதம் உள்பக்கமாகத் திரும்பிய குழந்தை பிறந்தால், உடனே கிரகணத்தின் மேல் பழி விழும். அடுத்து, 'எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாப் போயிடும்' என்பார்கள். இரண்டுமே சரியில்லை. வளைபாதம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவது. இதன் வைத்திய வரலாற்றைத் தேடிப் படித்தபோது நம்ம ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தார்.

பால் பிராண்ட். தொழுநோய் அறுவை சிகிச்சையால் உலகம் அறிந்தவர். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தார். லண்டனில் டெனிஸ் பிரௌனிடம் வேலை பார்த்தபோது, வளைந்த பாதத்தைப் பலம் போட்டு நேராக்குவதைத்தான் கற்றார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர், வைத்தியமே பார்க்காமல் வளர்ந்தவர்களின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். கோணலாக இருந்தாலும், லண்டனில் 'சரிசெய்த' பாதங்களைவிட அவை மென்மையாக இருந்தன! அங்கே பார்த்த விறைப்பு, பலம் போட்டதால் உள்ளே உண்டான தழும்பு என்று புரிந்தது.

அதன்பின் குழந்தையைப் பசியோடு கொண்டுவரச் சொன்னார். அம்மா பால் கொடுப்பார்; இவர் பாதத்தை மெல்லத் திருப்புவார். கண் குழந்தையின் முகத்தில் இருக்கும். குடிப்பதை விட்டுவிட்டு அது இவரைப் பார்த்தால், அதுதான் எல்லை. அந்த அளவோடு மாவுக்கட்டு.

அதே 1914-ல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர் இக்னேசியோ பொன்செட்டி. அமெரிக்காவின் அயோவாவில், ஆபரேஷன் செய்த பாதங்கள் வளர்ந்தபின் விறைத்து வலிப்பதைக் கண்டு, அவரும் மென்மையான வழிக்கே வந்தார். வாரம் ஒரு மாவுக்கட்டு, ஐந்தாறு வாரம். பெரும்பாலும் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு. பிறகு கம்பி இணைத்த பூட்ஸ். 1963-லேயே கட்டுரை வந்தது. டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் கடைசியில் இன்டர்நெட்டில் பெற்றோர்கள் பரப்பிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று எங்கும் இதுதான் முதல் சிகிச்சை.

இந்தியாவில் 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் பிறவிக் குறை பட்டியலில் வளைபாதமும் உண்டு, சிகிச்சை இலவசம். மதுரைக்காரர்கள் ராஜாஜி அரசு மருத்துவமனை எலும்பியல் பிரிவில் கேட்கலாம். பிறந்த முதல் சில வாரங்களிலேயே போய்விடுங்கள்.

இன்னொன்று. பாதம் நேரானதும் 'அதான் சரியாயிடுச்சே' என்று பூட்ஸைக் கழற்றிவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4 வயது வரை தூங்கும்போது போட வேண்டும். விட்டால் பாதம் மறுபடி வளையும்.