கண்வாய் கண்மாயான வழி

தமிழ்நாட்டின் 17 ஆற்றுப் படுகைகளில் ஒன்றுக்குப் பாம்பாறு–கோட்டைக்கரையாறு என்று பெயர். பாசனக் கோப்புகளைப் புரட்டுகிறவர்களை விட்டால் வெளியூரில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. சிவகங்கைச் சீமையில் தொடங்கி, ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரத்தைக் கடந்து, தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே காரங்காட்டில் கடலைச் சேரும் சிற்றாறு கோட்டைக்கரையாறு. மலையில் பிறந்த ஆறில்லை இது. வருஷத்தின் பெரும்பகுதி மணலும் சேறுமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரும் நேராக வந்துவிடாது. கண்மாய் கண்மாயாகத் தங்கி, நிறைந்து, மிஞ்சியது மட்டும் கீழே இறங்கும். அதனால் இந்த ஆற்றை அறிய வரைபடத்தை விரிப்பதற்கு முன் ‘கண்மாய்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது.

வடக்கே ஏரி என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் குளம். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வட்டாரத்தில் அது கண்மாய். பேச்சில் கம்மாய், இன்னும் சுருங்கிக் கம்மா. குடிதண்ணீருக்கு வெட்டியது ஊருணி. சிறிய பாசன நீர்நிலை ஏந்தல். இந்தச் சொற்களை ஊர்க்காரர்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவதில்லை. ஊருணியைக் கம்மாய் என்றால் பக்கத்தில் நிற்கும் சிறுபிள்ளைகூடத் திருத்தும்.

கண்மாய் என்பது கண்வாய் என்பதன் திரிபு. வகரம் மகரமாவது இந்தச் சீமைக்குப் பழகிய ஒலிமாற்றம். வானம் இங்கே மானம்; மழையை மட்டும் நம்பிய நிலத்தை ‘மானம் பாத்த பூமி’ என்றுதான் சொல்வார்கள். வானவாரி மானாவாரியானதும் அதே வழியில்தான். ணகரத்தை அடுத்து வந்த வகரம் மூக்கொலியாக மாறியதில் வியப்பில்லை.

சரி, கண்வாய் என்றால் என்ன? கண் என்பது துளை, திறப்பு. ஊற்றுக்கண் என்கிறோம், பாலத்துக்கு ஐந்து கண், ஏழு கண் என்று எண்ணுகிறோம். வாய் என்பது நீர் புகும் அல்லது புறப்படும் இடம். வாய்க்கால், கால்வாய், ஆற்றிலிருந்து கால் பிரியும் இடத்துக்குப் பழைய கல்வெட்டுச் சொல்லான வாய்த்தலை எல்லாம் அந்த வாயின் பிள்ளைகள். ஆக, கண்வாய் என்ற கூட்டு முதலில் சுட்டியிருக்க வேண்டியது மதகைத்தான். தண்ணீர் தேங்கிய பரப்பையோ, மண் கரையையோ அல்ல, தண்ணீர் வயலுக்குப் புறப்படும் துளையை! அந்தத் துளையின் பெயர் பிறகு முழு நீர்நிலைக்கும் பரவியது. ‘குளம்’ என்ற சொல் தேக்கத்தைப் பார்க்கிறது. ‘கண்மாய்’ பகிர்வைப் பார்க்கிறது என்பேன். மழை குறைந்த மண்ணில், எவ்வளவு சேர்ந்தது என்பதற்கு இணையாக, எந்த வயலுக்கு எப்போது திறக்கும் என்பதும் வாழ்வைத் தீர்மானித்தது.

அந்தக் கண் எப்படி இருந்தது என்பதைப் பழைய குமிழித் தூம்பில் காணலாம். கண்மாய்க்குள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல் தூண்கள். இடையே துளையிட்ட குறுக்குக் கற்கள். அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மூடுபலகையில் வட்டத் துளை. குறுக்குக் கற்களின் வழியே இறங்கும் கம்பின் முனையில் உள்ள அடைப்பு அந்தத் துளையில் பொருந்தி நிற்கும். கம்பைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் உள்ள சுரங்கக்கால் வழியே வயல் பக்கம் ஓடும். மேல்துளை நீரோடி. தொட்டியின் அடிமட்டத்தில் இருக்கும் சிறு துளைகள் சேறோடி. படியும் வண்டலைத் தண்ணீரே இழுத்துக்கொண்டு போய் வயலுக்கு உரமாக்க அந்த ஏற்பாடு. நிறைந்த கண்மாயில் ஒருவர் நீந்திப்போய், மூச்சடக்கி, அந்த அடைப்பைத் திறக்க வேண்டியிருந்த காலமும் உண்டு. மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஊருக்கு ஊர் அவருக்குப் பெயர் மாறும். மடையையும் நீர்ப்பங்கையும் காத்தவர் அவர். கண்மாய் என்ற சொல்லுக்குள் நான் முதலில் காண்பது அவரைத்தான்.

ஆர்.எஸ்.மங்கலத்துக்கு வருவோம். சுருக்கெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் முழுப்பெயர் இராசசிங்கமங்கலம். இராசசிம்மன் என்ற பெயரில் பாண்டியர் ஒருவருக்கு மேல் உண்டு. அவர்களில் கடைசியானவன், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டு சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டை வெளியிட்டவன். முதலாம் பராந்தக சோழனிடம் தோற்று ஈழத்துக்குப் போனவன். முடியையும் அரசச் சின்னங்களையும் அங்கேயே விட்டுச் சென்றவன். ஊரும் பெரிய கண்மாயும் இராசசிம்மன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பாண்டியர் கல்வெட்டுகளில் இராசசிங்கன்குளக்கீழ் என்று ஒரு நாட்டுப் பிரிவே வருகிறது. மாடக்குளக்கீழ் மதுரை என்பதும் அந்த வழக்குத்தான். நாட்டையும் நகரத்தையும் ‘இன்ன குளத்துக்குக் கீழ்’ என்று அடையாளம் சொன்ன ஆட்சி அது. கல்லில் குளம் என்று இருக்க, மக்கள் வாயில் கண்மாய் என்று நிலைத்ததைக் கவனிக்க வேண்டும். அரசன் வெட்டியது குளம். குடியானவன் திறந்தது கண்வாய்.

‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பது இந்தப் பெரிய கண்மாயைப் பற்றிய பழமொழி. நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு விரிந்தது என்று ஊரில் விளக்கம் சொல்வார்கள். கண்மாயின் பெருமையை ஏக்கரில் சொல்லாமல் மடைக் கணக்கில் சொல்கிறது பழமொழி. சொல் பிறந்த அதே கண்ணோட்டம் அதிலும் இருக்கிறது. மேட்டு நிலத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிக மெல்லச் சரியும் தட்டை நிலம் இது. ஆழமாகத் தேக்க மலையிடுக்கு கிடையாது. சரிவுக்குக் குறுக்கே நீளமாகக் கரை போட்டு, தண்ணீரை அகலமாகப் பரப்பித்தான் நிறுத்த முடியும். கரை நீண்டால் மடையும் பெருகும்.

இந்த அமைப்பின் சொற்கள் ஓர் உடம்பாகச் சேர்ந்து நிற்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். கண் உண்டு, வாய் உண்டு. நீர் பரந்து நிற்கும் உட்பகுதி உள்வாய். தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். நிறைந்தபின் கலுங்கில் வழிந்து போவது மறுகால். ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்துக்கால். ‘கம்மா பெருகி மறுகா போகுது’ என்று ஒரு ஊரில் சொன்னால், அது கீழே உள்ள ஊருக்கு நல்ல செய்தி. இந்த மறுகால்கள் ஒன்றுகூடித்தான் கோட்டைக்கரையாற்றின் ஓட்டத்தைப் பெருக்குகின்றன. கடைசியில் கழிமுகம்: உடம்பின் முகமும் வந்துவிட்டது.

காரங்காட்டுக் கழிமுகத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது, வெண்கண்டல்தான் மிகுதி. வனத்துறை ஊர்மக்களைக் கொண்டு அங்கே படகுச் சவாரி நடத்துகிறது. உப்பும் நன்னீரும் கலந்தால்தான் இந்தக் காடு செழிக்கும். மேலே கலுங்கு வழிந்தால்தான் அந்த நன்னீர் வந்துசேரும்.

ராமநாதபுரம் மாவட்டத்தின் பறவைகள் சரணாலயங்கள் கண்மாய்களே. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல். உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. விவசாயத்துக்கு மனிதர் உண்டாக்கிய தேக்கங்கள் உலக அளவில் காக்கப்படும் ஈரநிலங்களாகியிருப்பது மகிழ்ச்சி. ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. காப்பு கண்மாயின் கரையைச் சுற்றி நிற்க, அதற்குத் தண்ணீர் தரும் வரத்துக்கால்கள் பல ஊர்களின் நிலங்களுக்கு நடுவே கேட்பாரற்றுக் கிடக்கின்றன. சீமைக்கருவேலம் மண்டி, வண்டல் மேடிட்டு, வீட்டுமனையாகி, எது கால் என்று தெரியாமல் போனவை ஏராளம். கால் அடைபட்ட கண்மாய்க்கு எந்தப் பட்டியலும் தண்ணீர் கொண்டுவராது.

கிராமப் புலப்படங்களில் இந்தக் கால்களின் கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் பெயர்களையும் மடைகளின் பெயர்களையும் வயதான நீர்பாய்ச்சிகளிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஆர்.எஸ்.மங்கலத்தில் தொடங்கலாம், நாற்பத்தெட்டு மடைகளில் எத்தனையின் பெயர் இன்றும் ஊர் வாயில் இருக்கிறது, எது எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.