லேனாள் இல்லாத ஞானசவுந்தரி

போன நத்தார் விடுமுறைக்கு எல்லாரும் முருங்கனுக்கு வந்து சேர்ந்த பிறகு, வழமைபோல ஒரு படம் போடுவம் எண்டு முடிவெடுத்தோம். எங்களில் ஒருத்தியின்ர வீட்டு முற்றம், கயிற்றில கட்டின வெள்ளைச் சேலை, இரவல் வாங்கின புரொஜெக்டர். படம் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்'. கம்பஸில் சினிமா பற்றிக் கதைக்கிற எவரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் விடுறதில்லை. ஆனால் எங்களில் பாதிப்பேர் அதை முழுசாகப் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கார அம்மம்மாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோட இருந்தா. படம் முடிஞ்சு கனநேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. அம்மம்மாதான் முதலில் வாயைத் திறந்தா: "இது ஞானசவுந்தரிக் கதைதான். லேனாள்தான் இல்லை."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தில இருந்து தொடங்குது.

மாதோட்டப் பக்கத்து ஆக்களுக்கு லேனாள் யார் எண்டு சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ஞானசவுந்தரி ஒரு அரசகுமாரி. தாய் இறந்துபோக, தகப்பன் மறுமணம் செய்கிறான். வந்த சிற்றன்னைதான் லேனாள். பொறாமையில் அவள் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிக் கொல்லச் சொல்கிறாள். கொல்ல மனமில்லாதவர்கள் கைகளை மட்டும் வெட்டி விட்டுவிடுகிறார்கள். பிலேந்திரன் என்ற இளவரசன் அவளைக் கண்டு, கையில்லாதவளையே கலியாணம் செய்கிறான். அவன் தூர இருக்கிற காலத்தில் கடிதங்கள் வழியில் மாற்றப்படுகின்றன. புருஷன் எழுதாத ஒரு கடிதத்தால் அவள் பிள்ளைகளோடு திரும்பவும் காட்டுக்குப் போகிறாள். தேவமாதா அருளால் கைகள் திரும்பக் கிடைக்கின்றன, குடும்பம் ஒன்று சேர்கிறது. கை வெட்டப்பட்ட பெண்ணின் கதை ஐரோப்பாவில் பல நாடுகளில், பல பெயர்களில் உலாவின கதை. கத்தோலிக்கத்தோட இந்தப் பக்கம் வந்து, எங்கட கூத்துக்குள்ள இறங்கி, எங்கட கதையாகவே மாறிவிட்டது.

மன்னாரில் கூத்து எண்டால் அது பெரும்பாலும் கோயிலோட சேர்ந்தது. திருநாளுக்கு நாடகம், அண்ணாவியார், மத்தளம், விடிய விடிய ஆட்டம். நீண்ட நாடகத்தைச் சுருக்கி ஒரே இரவில் ஆடினால் அது வாசகப்பா. ஊர் வாயில வாசாப்பு. பாங்கிலயும் வேறுபாடு உண்டு: மாதோட்டப் பாங்கு ஒன்று, யாழ்ப்பாணப் பாங்கு இன்னொன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த மன்னார் நாடகங்களைப் பதிப்பித்துப் புத்தகமாக்கினார். 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964, 'மூவிராசாக்கள் நாடகம்' 1966, 'ஞானசவுந்தரி நாடகம்' 1967. அந்தப் பதிப்புகள் இல்லையெண்டால் எங்கட தலைமுறைக்கு அண்ணாவிமாரின்ர ஞாபகம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

கூத்தில் பெண்வேஷமும் ஆண்கள்தான் கட்டினார்கள். அதாவது லேனாளின் பொறாமையை எழுதினது ஆண், பாடினது ஆண், ஆடினதும் ஆண். இதை நாங்கள் குற்றமாகச் சொல்லேல்ல, அந்தக் காலத்து வழமை அது. ஆனால் கதையில் பிலேந்திரன் எவ்வளவு சுத்தமாக இருக்கிறான் எண்டு பாருங்கோ. மனைவி காட்டுக்குப் போனதுக்கு அவன் காரணமில்லை, அவன் பேரில் வந்த பொய்க்கடிதம்தான் காரணம். இரண்டாம் கலியாணம் செய்த தகப்பனும் காரணமில்லை. எல்லாப் பழியும் ஒரு பெண்ணின் தலையில். அவள் தண்டிக்கப்பட்டால் உலகம் நேராகிவிடும்.

1948 இல் இதே கதை தமிழ்நாட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு படமாக வந்தது. சிட்டாடல் எடுத்ததில் டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்தார்கள், அது நன்றாக ஓடியது. எஸ். எஸ். வாசனின் ஜெமினி எடுத்த மற்றது தோற்றுப்போனது. இரண்டிலும் லேனாள் லேனாள்தான்.

அதே 1948 இல்தான் புதுமைப்பித்தனும் இறந்தார். சினிமாவில் வேலை செய்யப்போய், 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனேயில் இருந்தபோது காசநோய் முற்றி, திருவனந்தபுரத்தில் முடிந்துபோன வாழ்க்கை. வயது 42. அவர் எழுதின நீண்ட கதைகளில் ஒன்று 'சிற்றன்னை'. தலைப்பே சொல்கிற மாதிரி தாயில்லாத பிள்ளைகள், மறுமணம் செய்த தகப்பன், வந்த மனைவி. லேனாளின் கதைதான், ஆனால் அரண்மனையும் அற்புதமும் இல்லாமல், நகரத்து நடுத்தர வீட்டுக்குள்.

முப்பது வருஷம் கழித்து அந்தக் கதையை மகேந்திரன் எடுத்தார். 1939 இல் இளையான்குடியில் பிறந்தவர், இயற்பெயர் அலெக்சாண்டர். காரைக்குடியில் படிக்கிற காலத்தில், எம். ஜி. ஆர். வந்திருந்த மேடையிலேயே தமிழ் சினிமாவின் செயற்கையைக் கிண்டலடித்துப் பேசி அவரிடமே பாராட்டு வாங்கினவர். பிறகு அதே சினிமாவுக்கு 'தங்கப்பதக்கம்' மாதிரி வசனம் முழங்குகிற கதைகளை எழுதிச் சம்பாதித்தார். வாழ்க்கை அப்படித்தான். இயக்குநராக முதல் படம் 1978 இல் 'முள்ளும் மலரும்'. அடுத்த வருஷம் 'உதிரிப்பூக்கள்'. அசோக்குமார் ஒளிப்பதிவு, இளையராஜா இசை, நடிப்பில் விஜயன், அஸ்வினி, சாருஹாசன், சரத்பாபு. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமம், ஒரு ஆறு. எங்கட பக்கத்து ஆக்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும்: சமாதான காலத்தில் இதே மகேந்திரன் வன்னிக்கு வந்து பெடியளுக்குச் சினிமா படிப்பித்தவர். 2019 இல் இறந்தார்.

படத்துக்கு மூலக்கதை 'சிற்றன்னை' எண்டு போட்டாலும் அதிலிருந்து எடுத்தது கொஞ்சம்தான். தாயை இழந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், தகப்பனுக்குச் சுந்தரவடிவேலு என்ற பெயர் இருக்கிறது. சிற்றன்னைக் கொடுமை கதையின் நடுவில் இருந்து விலகிவிட்டது. அந்த வெற்றிடத்தில் மகேந்திரன் கொண்டுவந்து நிறுத்தினது புருஷனை. அம்மம்மா சொன்னது அதைத்தான்.

சுந்தரவடிவேலு பள்ளிக்கூடத்தை நடத்துகிற ஊர்ப் பெரிய மனிசன். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. மனைவி லட்சுமி நோயாளி. அவனுக்கு மனைவியின் தங்கச்சி செண்பகத்தில் ஒரு கண். இரண்டாம் தாரமாகத் தரச்சொல்லி மாமனாரிடமே கேட்கிறான். நாங்கள் படத்தை நிற்பாட்டித் திரும்பப் பார்த்த இடங்களில் அது ஒன்று. கத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. காணி விலைபேசுகிற மாதிரிக் கேட்கிறான். கிடைக்கவில்லை எண்டதும், லட்சுமியை முன்பு கலியாணம் செய்ய விரும்பின ஒருவனோட அவளைச் சேர்த்து ஊருக்குள் ஒரு கதையை விடுகிறான்.

இவனுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்ததா எண்டு அன்றைக்கு இரவு பெரிய சண்டை. எங்களில் சிலர் அது வெறும் தந்திரம், மனைவியைத் தள்ளிவைக்க ஒரு சாட்டு எண்டார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளேல்ல. அவன் பார்வையில் எரிச்சல் இருக்கு, அது நடிப்பில்லை எண்டார்கள். பிறகு யோசிக்க எங்களுக்குப் பிடிபட்டது: இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரில்லை. தனக்கு விருப்பமில்லாத மனைவியில்கூட ஒருவனுக்கு எரிச்சல் வரலாம். அவளில் ஆசையில்லை, ஆனால் அவளை இன்னொருத்தன் மதிக்கிறது பொறுக்காது. பாவிக்காமல் கிடக்கிற சைக்கிளைக்கூட பக்கத்து வீட்டுக்காரன் தொட்டால் சண்டைக்குப் போகிற ஆக்களை நாங்கள் கண்டிருக்கிறோம். செண்பகத்தில் இருக்கிற ஆசையும் அப்படித்தான். அவள் கிடைக்காமல் போன பிறகு, பிள்ளைகளுக்காக அவன் வீட்டுக்கு வருகிறவளை அவன் நிர்வாணப்படுத்துகிற காட்சி இருக்கிறது. அவனுக்கு அவள் உடம்பை விடத் தேவையாக இருந்தது அவள் தலைகுனிவு. அந்த இடத்தில் எங்கட முற்றத்தில் இரண்டு பெட்டையள் எழும்பி உள்ளுக்குப் போய்விட்டினம். அதைக் காமெரா எவ்வளவு பக்குவமாக எடுத்தது எண்டு விமர்சனங்களில் எழுதுவார்கள். எழுதலாம். பார்க்கேக்க அந்தப் பக்குவம் பெரிய ஆறுதலாக இருக்கேல்ல.

பொறாமைக்கார புருஷன் எண்டதும் ஆங்கிலம் படிக்கிற எங்கட தோழி ஒத்தெல்லோவைக் கொண்டுவந்தாள். 1963 இல் வந்த 'ரத்தத் திலகம்' படத்துக்குள்ளயே சிவாஜியும் சாவித்திரியும் ஒத்தெல்லோவாகவும் டெஸ்டிமோனாவாகவும் நடிக்கிற ஒரு நாடகக் காட்சி இருக்கு. ஒத்தெல்லோவுக்குப் பக்கத்தில் யாகோ நிற்கிறான். காதுக்குள் ஓதுகிறவன் அவன், கைலேஞ்சியை ஒளிக்கிறவனும் அவன். அதனால்தான் கடைசியில் மனைவியைக் கொன்ற ஒத்தெல்லோவுக்காகவும் அழ முடிகிறது. பிலேந்திரனுக்குப் பொய்க்கடிதம், ஒத்தெல்லோவுக்குக் கைலேஞ்சி. சுந்தரவடிவேலுவுக்குப் பக்கத்தில் யாகோவும் இல்லை, லேனாளும் இல்லை. அவனுக்கு ஓதினது அவனேதான். எங்கட கதை மரபில் இது சின்ன மாற்றமில்லை எண்டு நினைக்கிறோம்.

இன்னொரு ஆள் அந்த ஊரில் இருந்தது: ஊர். கூத்தில் கடிதம் செய்த வேலையைப் படத்தில் வாய்கள் செய்கின்றன. பெரிய மனிசன் சொன்ன கதையைத் தட்டிக்கேட்கப் பயந்து, அல்லது கேட்கச் சுவையாக இருந்தபடியால், ஊர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. லட்சுமி செத்துப்போகிறாள். அதே ஊர்தான் கடைசியில் அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், நீயாகவே இறங்கிச் சா எண்டு சொல்கிறது. இறங்க முதல் அவன் சொல்வதைப் படம் பார்த்த ஒருத்தரும் மறக்கமாட்டார்கள்: இதுவரை தான் ஒருத்தன்தான் கெட்டவனாக இருந்தேன், இன்றைக்கு உங்கள் எல்லாரையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன், தான் செய்த பாவங்களில் பெரியது அதுதான் எண்டு. பிறகு பிள்ளைகளிடம் விடைபெற்றுத் தண்ணிக்குள் நடக்கிறான். பிள்ளைகள் கரையில்.

தமிழ்நாட்டில் இந்த முடிவைப் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். இங்க அதைப் பார்க்கிறது வேறமாதிரி. படம் வந்து சில வருஷங்களில் வடக்கில் மின்கம்பங்களில் ஆக்களைக் கட்டிச் சுட்ட காலம் வந்தது. களவெடுத்தவன், காட்டிக்கொடுத்தவன் எண்டு மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். கூடிநின்று பார்த்த சனமும் இருந்தது. அம்மம்மா ஆற்றங்கரைக் காட்சியில் தலையைக் குனிந்துகொண்டா. ஏன் எண்டு நாங்கள் கேட்கேல்ல. பிறகு மட்டும், "அந்தப் பிள்ளையள் இனி எங்க போகுங்கள்?" எண்டு கேட்டா. அதுக்குப் படத்திலும் பதில் இல்லை, எங்களிட்டயும் இல்லை.

படத்தை அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்களில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "அப்ப நாங்கள்?"

அவள் எதைச் சொன்னாள் எண்டு எல்லாருக்கும் விளங்கினது. இரண்டு வருஷத்துக்கு முதல் எங்களோட படிச்ச ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசிக் குழம்பினது. கலியாணம் குழம்ப முதல் ஒரு கதை வந்தது. யாரோ ஒருத்தனோட பஸ்ஸில் கண்டது, ஒரு போட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஸ்கிரீன்ஷொட். அது உண்மையா பொய்யா எண்டு எங்களில் ஒருத்தரும் தேடேல்ல. அனுப்பினதையும் மறுக்கேல்ல. எங்கட குழுவில் குறைந்தது நாலு போனில் இருந்து அது வெளியே போனது. பெண்ணுரிமை பற்றிக் கட்டுரை எழுதுகிற ஆக்களின்ர போன்கள். அப்போது, பெடியன் வீட்டார் எப்படியும் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பினம் எண்டு எங்களுக்குள்ள சொல்லிக்கொண்டோம். லேனாளைத் தேடினோம், கிடைத்தா: அந்தப் பிள்ளையின்ர மச்சாள் ஒருத்திதான் கதையைக் கிளப்பினவ எண்டு. பெண்ணின் எதிரி பெண்தான் எண்டு அதையும் ஒரு சுற்று சொல்லிமுடித்தோம். கடிதத்தை மாற்றினவளைப் பிடித்தாச்சு, கொண்டுபோய்க் கொடுத்தவர்களைப் பற்றிக் கதையில் ஒன்றும் இல்லையே.

திருநாளுக்கு இளம் ஆக்களை வைத்து ஞானசவுந்தரி வாசாப்பைத் திரும்பப் போடவேணும் எண்டு எங்களுக்கு ஒரு ஆசை கனநாளாக இருக்கு. லேனாளைப் பெண்ணொருத்தி ஆடவேணும், கடிதம் மாற்றுகிற இடத்தில் ஓடுகிற தூதுவனுக்கு ஒரு பாட்டாவது இருக்கவேணும் எண்டு கேட்டிருக்கிறோம். அண்ணாவியார் முதலாவதுக்குச் சிரித்தார். இரண்டாவதுக்கு, பழைய பாட்டில் கைவைக்கக்கூடாது எண்டு சொல்லிவிட்டார். பேச்சு இன்னும் முடியேல்ல.

தை பிறந்த பிறகு எங்களில் இரண்டு பேர் அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்குப் போனோம். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம், அறுவடைக்கு நிற்கிற வயலுக்கு நடுவில் வீடு. வந்த விஷயத்தைச் சொன்னோம், யார் யார் அனுப்பினது எண்டும் சொன்னோம். தேத்தண்ணி போட்டுத் தந்தா. தனக்குத் தெரியும் எண்டா. பிறகு கம்பஸ் எப்படி, சோதனை முடிஞ்சுதா எண்டு கேட்டா. நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க, தாய் வந்து வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டு நின்றா, உள்ளுக்கு வரேல்ல.